கேள்வியை எப்போது கேட்பது? காப்பீட்டுச் சட்டம் மாறிய கதை

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு. கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, மத்தத நான் ஃபில்லப் பண்ணிக்கிறேன்."

இதைக் கேட்காமல் நம் ஊரில் பாலிசி எடுத்தவர்கள் குறைவு. ஏஜென்ட் பெரும்பாலும் தெரிந்தவராக இருப்பார். சொந்தக்காரராகவோ, மகன் படிக்கும் பள்ளியின் வாத்தியாராகவோ இருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு காபி குடித்து அனுப்பிவிடுவோம். அந்தத் தாளில் நம்மைப் பற்றி இருபது முப்பது கேள்விகள் இருந்தன, அவற்றுக்கு நம் பெயரில் யாரோ டிக் அடித்திருக்கிறார்கள் என்பது பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரியிலோ துக்க வீட்டிலோதான் தெரியவரும். "முன்மொழிவுப் படிவத்தில் தாங்கள் உண்மையை மறைத்துள்ளீர்கள். எனவே க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது" என்று ஒரு கடிதம் வரும்.

காப்பீட்டுச் சட்டச் சீர்திருத்தம் என்றதும் செய்திகளில் அந்நிய முதலீட்டு சதவீதம்தான் தலைப்பாக வருகிறது. 26 சதவீதமாக இருந்தது 2015-ல் 49 ஆனது, 2021-ல் 74 ஆனது, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் 100 ஆகிவிட்டது. கம்பெனி நடத்துகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். பாலிசி வைத்திருக்கும் நமக்கு முக்கியமான மாற்றம் மேலே சொன்ன கையெழுத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. நம்மைப் பற்றி விசாரிக்க வேண்டிய காப்பீட்டு நிறுவனம், அதை பாலிசி கொடுக்கும்போது செய்ய வேண்டுமா, க்ளெய்ம் வரும்போது செய்யலாமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சட்ட மாற்றங்களில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

ஒரு கோட்டையும் ஒரு நீதிபதியும்

காப்பீடு மற்ற வியாபாரம் போன்றதல்ல. கத்தரிக்காய் வாங்கும்போது கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சொத்தை இருந்தால் வைத்துவிடலாம். காப்பீட்டில் விற்பவர் எதை ஏற்றுக்கொள்கிறார் என்பது வாங்குபவருக்குத்தான் தெரியும். என் உடம்பு, என் கடை, என் லாரி ஓடும் பாதை எல்லாம் எனக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. அதனால் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமானதை எல்லாம் நீயே முன்வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். 'உச்சபட்ச நன்னம்பிக்கை' என்று இதற்குப் பெயர்.

இந்தக் கொள்கையின் ஊற்றாக எல்லாரும் காட்டுவது 1766-ல் லண்டனில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த ஒரு தீர்ப்பை. சுமத்ரா தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர், கோட்டை அந்நிய எதிரியின் கையில் விழுந்தால் பணம் கிடைக்கும்படி லண்டனில் ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். காப்பீடு கொடுத்த போஹம் பணம் தர மறுத்தார். கோட்டை பலவீனமானது என்பதையும், பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்று கடிதம் வந்திருந்ததையும் கவர்னர் தன்னிடம் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

மேன்ஸ்ஃபீல்டு நன்னம்பிக்கைக் கொள்கையை விரிவாக எடுத்துச் சொன்னார். ஆனால் வழக்கில் ஜெயித்தது கவர்னர். கோட்டையின் நிலைமை ஊரறிந்தது, போர் நிலவரம் லண்டனில் இருப்பவருக்கே நன்றாகத் தெரியும், எதுவும் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு இப்போது 'சொல்லவில்லை' என்பது நியாயமா என்று கேட்டுவிட்டார். இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பின்னாளில் கம்பெனிகள் எத்தனையோ க்ளெய்ம்களை மறுத்தன. அந்தத் தீர்ப்பிலேயே தோற்றது காப்பீடு கொடுத்தவர் என்பது மட்டும் வசதியாக மறந்துபோயிற்று.

பிரிட்டன் 1906-ல் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது கொள்கை இறுகிவிட்டது. நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் ஏறக்குறைய அதன் நகல்தான். அந்தக் காலத்துப் படிவங்களின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'மேற்கண்ட பதில்களே இந்த ஒப்பந்தத்தின் அடிப்படை.' பார்க்க அப்பாவியான வரி. 1922-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ஒரு லாரி வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. லாரி எரிந்துபோயிருந்தது. அதை நிறுத்திவைக்கும் இடத்தின் முகவரி படிவத்தில் தவறாக எழுதப்பட்டிருந்தது. அந்தத் தவறால் ஆபத்து கூடவில்லை, யாரும் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. ஆனாலும் 'அடிப்படை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று கம்பெனி பக்கம் தீர்ப்பானது.

45-ஆம் பிரிவு

இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுக்கு இதற்கு ஒரு கடிவாளம் 1938-லேயே போடப்பட்டது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அது. ஏஜென்ட்டுகள் வாயில் 'செக்‌ஷன் ஃபார்ட்டிஃபைவ்'. பாலிசி தொடங்கி இரண்டு வருடம் ஆனபின், படிவத்தில் தவறு இருக்கிறது என்று சும்மா சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது என்றது பழைய பிரிவு. அப்படி மறுக்க வேண்டுமானால் மறைக்கப்பட்டது முக்கியமான விஷயம், மோசடி எண்ணத்தோடு மறைக்கப்பட்டது, சொல்லும்போதே அது பொய் என்று அவருக்குத் தெரியும் என்ற மூன்றையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும்.

நல்ல பாதுகாப்புதான். ஆனால் கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை. பத்து வருடம் பிரீமியம் கட்டியவர் இறந்தபிறகும் 'மோசடி' என்று சொல்லி வழக்காடலாம். இறந்தவர் வந்து பதில் சொல்லப் போவதில்லை. மனைவியும் பிள்ளைகளும்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

2014 டிசம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 2015 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் இந்தக் கதவைச் சாத்தியது. இரண்டு வருடம் மூன்றாக நீண்டது. கம்பெனிக்கு ஒரு வருடம் கூடுதல். பதிலுக்கு, மூன்று வருடம் முடிந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மோசடி என்றும் சொல்ல முடியாது. விசாரிக்க மூன்று வருடம் இருந்தது, அதற்குள் விசாரிக்காதது உன் தவறு என்கிறது சட்டம். வயதுச் சான்று கேட்பது மட்டும் விதிவிலக்கு. அதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

பொய் சொன்னவனுக்கும் மூன்று வருடம் தாண்டினால் பணமா என்று கேட்கத் தோன்றும். ஆமாம், தெரிந்தே செய்த பேரம் அது. நேர்மையாகக் கட்டியவர்களின் குடும்பங்கள் அலையாமல் இருப்பதற்காக, சில பொய்யர்கள் தப்பினாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது.

மூன்று வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால்? இங்கே சட்டம் இரண்டு வழி பிரிக்கிறது. மோசடி என்று கம்பெனி சொன்னால், எதை வைத்துச் சொல்கிறது என்பதை, ஆதாரங்களோடு எழுத்தில் நாமினிக்கோ வாரிசுக்கோ தெரிவிக்க வேண்டும். மோசடி இல்லை, முக்கியமான தகவல் விட்டுப்போயிற்று அல்லது தவறாக இருக்கிறது என்றால், க்ளெய்மை மறுக்கலாம். ஆனால் கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்தத் தகவல் தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்பதையும் கம்பெனிதான் காட்ட வேண்டும். பிரிவில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. மோசடிக் குற்றச்சாட்டு வந்து, பாலிசிதாரர் உயிரோடு இல்லை என்றால், மோசடி இல்லை என்று காட்டும் சுமை பணம் பெற வேண்டிய குடும்பத்தின் தலையில் விழுகிறது. அவர் மனதில் என்ன இருந்தது என்று அவர்கள் எப்படி நிரூபிப்பார்கள்?

மூன்று வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் பலர் வழுக்குகிறார்கள். பாலிசி வழங்கிய தேதி, ரிஸ்க் (அதாவது காப்பீட்டுப் பாதுகாப்பு) தொடங்கிய தேதி, ரைடர் என்கிற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்த தேதி, விட்டுப்போன பாலிசியைப் புதுப்பித்த தேதி ஆகிய நான்கில் எது கடைசியோ அதிலிருந்துதான் எண்ண வேண்டும். திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கும் செல்வம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2021 ஜூனில் பாலிசி எடுக்கிறார். அடுத்த வருடம் கம்பெனியில் ஆர்டர் இல்லை, பிரீமியம் கட்டவில்லை, பாலிசி லேப்ஸ் ஆகிறது. 2023 நவம்பரில் அபராத வட்டியோடு கட்டி, உடல்நலம் பற்றி ஒரு உறுதிமொழித் தாளிலும் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிறார். 2025 பிப்ரவரியில் மாரடைப்பு. குடும்பத்தின் கணக்கில் மூன்றரை வருடம் தாண்டிவிட்டது. சட்டத்தின் கணக்கில் பதினைந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. லேப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பிக்கும்போது போடும் கையெழுத்து, முதல் கையெழுத்தைப் போலவே கனமானது.

எதை 'முக்கியமான தகவல்' என்று கோர்ட் பார்க்கிறது என்பதற்கு இரண்டு வழக்குகள். ஒருவர் ஏற்கெனவே வேறு கம்பெனியில் எடுத்திருந்த ஆயுள் பாலிசியைப் பற்றிப் படிவத்தில் சொல்லவே இல்லை. கேள்வி தெளிவாக இருந்தது, பதில் தவறு என்று கூறி 2019-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது அங்கே எடுபடவில்லை. 2025-ல் வந்த இன்னொரு வழக்கில், ஒருவர் 40 லட்ச ரூபாய் பாலிசியைச் சொல்லியிருந்தார், சில சிறிய பாலிசிகளைச் சொல்லாமல் விட்டிருந்தார். பெரியதைத் தெரிந்தே பாலிசி கொடுத்த கம்பெனி, சின்னது தெரிந்திருந்தால் மறுத்திருக்குமா என்று பார்த்து, குடும்பத்துக்குப் பணம் தரச் சொன்னது அதே நீதிமன்றம். தவறு ஒரே மாதிரிதான். அது கம்பெனியின் முடிவை மாற்றியிருக்குமா என்பதில்தான் வித்தியாசம்.

மருத்துவக் காப்பீட்டுக்கு வேறு கணக்கு

45-ஆம் பிரிவு ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். மெடிக்ளெய்ம் பாலிசி வைத்திருப்பவர்கள் இதை நம்பிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவார்கள். அங்கே ஐஆர்டிஏஐ என்கிற ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த 'மொரட்டோரியம்' காலம் இருக்கிறது. தொடர்ந்து இத்தனை காலம் பிரீமியம் கட்டியபின், தகவலைச் சொல்லவில்லை என்று க்ளெய்மை மறுக்கக் கூடாது. முன்பு அது எட்டு வருடம். 2024 ஏப்ரலில் வந்த விதிகளில் 60 மாதமாக, அதாவது ஐந்து வருடமாகக் குறைந்தது. ஆனால் ஆயுள் காப்பீட்டில் சாத்திய கதவு இங்கே இடுக்கு விட்டிருக்கிறது. மோசடி என்று நிரூபித்தால் ஐந்து வருடத்துக்குப் பிறகும் மறுக்கலாம்.

இதோடு பலரும் குழப்பிக்கொள்வது காத்திருப்புக் காலத்தை. பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர், தைராய்டு இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டீர்கள். அவற்றால் வரும் சிகிச்சைக்கு உடனே பணம் கிடைக்காது, சில காலம் காத்திருக்க வேண்டும். அது அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது, 2024-ல் 36 மாதமாகக் குறைந்தது. ஒரு வரியில் வித்தியாசத்தைச் சொன்னால், காத்திருப்புக் காலம் நோயைச் சொன்னவருக்கு, மொரட்டோரியம் சொல்லாமல் விட்டவருக்கு. சொன்னவர் மூன்று வருடத்தில் நிம்மதியாகிவிடுகிறார், சொல்லாதவர் ஐந்து வருடம் நெஞ்சில் பயத்தோடு இருக்க வேண்டும். "சுகர்னு போட்டா பிரீமியம் ஏறிடும்ணே, விட்டுருங்க" என்று சொல்கிற ஏஜென்ட்டிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

க்ளெய்ம் மறுப்புகள் பல ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் பிறக்கின்றன. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். டியூட்டி டாக்டர் "சுகர் இருக்கா, எத்தன வருஷமா?" என்பார். பதற்றத்தில் "ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர், ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்போம். மாத்திரை ஆரம்பித்து நான்கு வருடம்தான் ஆகியிருக்கும். ஆனால் 'பத்து வருடமாகச் சர்க்கரை' என்று கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் உட்கார்ந்துவிடும். பாலிசி எடுத்து ஆறு வருடம் என்றால், எடுக்கும்போதே சர்க்கரை இருந்தது, மறைத்துவிட்டீர்கள் என்று கடிதம் வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் இப்போது மொரட்டோரியம் காப்பாற்றலாம். நான்காவது வருடத்தில் இது நடந்தால், பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, முதன்முதலில் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று காட்டுவதைத் தவிர வழியில்லை.

2024-ல் வந்த மற்ற மாற்றங்களில் இரண்டு நினைவில் வைக்க வேண்டியவை. கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்தில் பதில். அதற்கு மேல் தாமதித்து ஆஸ்பத்திரி கூடுதலாகப் பில் போட்டால் அது கம்பெனியின் செலவு. காகிதத்தில் அழகாக இருக்கிறது. பில்லிங் கவுன்டர் முன்னால் மாலை வரை உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், விதி வார்டுக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும் போலிருக்கிறது. அடுத்தது, ஒரு க்ளெய்மை மறுப்பதற்கு முன் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். மறுப்புக் கடிதம் கையில் வந்தால், குழு பார்த்ததா, பாலிசியின் எந்த விதியின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனிகளுக்கு என்ன ஆயிற்று?

பழைய ஏற்பாடு கம்பெனிகளுக்கு வசதி. எல்லாருக்கும் சுலபமாகப் பாலிசி கொடுத்துவிடலாம், விசாரணைச் செலவு கிடையாது. ஆயிரம் பேரில் க்ளெய்ம் கேட்டு வருகிற சிலரை மட்டும் துருவினால் போதும். சட்டம் கெடு வைத்தபின் இந்தக் கணக்கு மாறிவிட்டது. துருவுவதை முன்னாலேயே செய்ய வேண்டியிருக்கிறது. டெர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்தால் டாக்டர் போன் செய்து அரை மணி நேரம் கேள்வி கேட்பது, வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுப்பது, வருமானச் சான்று கேட்பது எல்லாம் பெருகியது இதனால்தான். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கார்ட்டர் வழக்கில் போஹம் செய்யாமல் விட்ட வேலை அதுதான். டாக்டரின் போன் அழைப்பில் உண்மையைச் சொல்லி, அது பதிவாகி, அதன் பிறகும் பாலிசி கொடுத்துவிட்டால், பின்னாளில் கம்பெனி அதே விஷயத்தைக் காட்டித் தப்ப முடியாது. 2021-ல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. வெளிநாடு போகும்போது எடுத்த மருத்துவப் பாலிசி, அமெரிக்காவில் இறங்கிய இடத்தில் மாரடைப்பு. சர்க்கரை நோய் உள்ளவர் என்று தெரிந்தே பரிசோதித்துப் பாலிசி கொடுத்த கம்பெனி, பிறகு அதையே சாக்காகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பானது.

இதன் மறுபக்கமும் உண்டு. முன்விசாரணைக்குச் செலவாகிறது, அது பிரீமியத்தில் ஏறும். ஏற்கெனவே நோய் உள்ளவருக்குப் பாலிசி கிடைப்பது கடினமாகும், அல்லது கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். மூன்று வருடத்துக்குள் வருகிற ஆயுள் க்ளெய்ம்களை முன்பைவிடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள். விசாரணைக்கு வரும் ஆள் பக்கத்து வீடு, மருந்துக் கடை, வேலை பார்த்த இடம் வரை விசாரிப்பார்.

ஏஜென்ட் யார் ஆள், புரோக்கர் யார் ஆள்?

நம் பேச்சில் இருவருமே 'இன்ஷூரன்ஸ்காரர்' தான். சட்டத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள். ஏஜென்ட் கம்பெனியின் ஆள். புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டு, உங்களுக்கு எது ஏற்றது என்று சொல்லி, க்ளெய்ம் நேரத்திலும் உங்களுக்காகப் பேச வேண்டியவர். ஆனால் அவருக்கும் கமிஷன் கொடுப்பது கம்பெனிதான் என்பதால் இந்தப் பிரிவு நடைமுறையில் கொஞ்சம் மங்கிவிடுகிறது. எவ்வளவு கமிஷன் என்று நீங்கள் கேட்டால் புரோக்கர் சொல்ல வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

யார் ஆள் என்பது ஏன் முக்கியம்? பிரீமியத்தை ஏஜென்ட்டிடம் கொடுத்த ஒருவர், அவர் அதைக் கட்டுவதற்குள் விபத்தில் இறந்துவிட்ட வழக்கு ஒன்று 1997-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பிரீமியம் வசூலிக்க ஏஜென்ட்டுக்கு அதிகாரம் கிடையாது, எனவே பணம் கம்பெனிக்கு வந்ததாகக் கருத முடியாது என்று தீர்ப்பு. குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்கவில்லை. படிவம் நிரப்பும் விஷயத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஏஜென்ட் தவறாக நிரப்பினால் அந்தத் தவறு யாருடையது?

2015 திருத்தம் 45-ஆம் பிரிவுக்குள்ளேயே ஒரு சின்ன விளக்கத்தைச் செருகியது. காப்பீட்டை விற்கப் பேசி முடிப்பவர், ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் கம்பெனியின் முகவராகவே கருதப்படுவார் என்கிறது அந்த வரி. "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கு" என்று ஏஜென்ட்டிடம் சொன்னேன், அவர்தான் எழுதாமல் விட்டார் என்று சொல்வதற்கு இந்த வரி இடம் கொடுக்கிறது. ஆனால் சொன்னதை எப்படி நிரூபிப்பது? வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. ஏஜென்ட்டுக்கு அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் லட்சக்கணக்கில் பெறும்.

புரோக்கர்களுக்கு இந்தியாவில் 2002-ல் விதிகள் வந்தபிறகுதான் உரிமம். அவர்கள் தவறான ஆலோசனை கொடுத்து வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்ட, அவர்களே தங்களுக்கென்று ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும். 2021-லிருந்து, புரோக்கரின் சேவைக் குறைபாட்டையும் ஆம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகாராகக் கொண்டுபோகலாம். அதற்கு முன் ஆம்பட்ஸ்மேன் வாசல் கம்பெனிகள் மீதான புகாருக்குத்தான். கமிஷனில் 2023 ஏப்ரலில் வந்த மாற்றம் பெரியது. ஒவ்வொரு வகைப் பாலிசிக்கும் இவ்வளவுதான் என்றிருந்த தனித்தனி உச்சவரம்பு போய், கம்பெனியின் மொத்த நிர்வாகச் செலவுக்கு மட்டும் வரம்பு என்றாயிற்று. எந்தப் பாலிசியை உங்களிடம் இவ்வளவு ஆர்வமாக விற்கிறார்கள் என்பதை இதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டன் போன வழி

பழைய கொள்கையைப் பெற்றெடுத்த நாடே அதை எப்படித் தளர்த்தியது என்று பார்த்தால் நம்மிடம் இன்னும் எது இல்லை என்பது புலப்படும். 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அங்கே சாதாரண வாடிக்கையாளர் எதையும் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. கேட்ட கேள்விக்குக் கவனமாகப் பதில் சொன்னால் போதும். கேள்வியைத் தெளிவாகக் கேட்பது கம்பெனியின் வேலை. வியாபார நிறுவனங்களுக்கு 2016 ஆகஸ்டில் இன்னொரு சட்டம் வந்தது. அவர்கள் தங்கள் ஆபத்தை 'நியாயமாக எடுத்துரைக்க' வேண்டும். ஆயிரம் பக்கக் கோப்பைத் தூக்கிப் போட்டு, 'உள்ளே எங்கோ சொல்லியிருக்கிறேன்' என்று தப்ப முடியாது. அதனால் லண்டன் புரோக்கர்களுக்கு வேலை கூடியது. வாடிக்கையாளர் கம்பெனியில் யாரிடம் எதைக் கேட்டு, எதைத் தேடி, எப்படித் தொகுத்தோம் என்று பதிவு வைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழைய 'ஒப்பந்தத்தின் அடிப்படை' வரியும் செத்தது. கிளாஸ்கோ லாரிக்காரர்களுக்கு அது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தாமதம்.

இதில் நாம் பொறாமைப்பட வேண்டியது விகிதாசாரத் தீர்வை. கவனக்குறைவாக ஒரு தவறு நடந்திருக்கிறது, சரியாகச் சொல்லியிருந்தால் 800 பவுண்டுக்குப் பதில் 1,000 பவுண்டு பிரீமியம் வாங்கியிருப்பார்கள் என்றால், க்ளெய்மில் 80 சதவீதம் கிடைக்கும். வேண்டுமென்றே பொய் சொன்னாலோ, உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டார்கள் என்றாலோதான் முழுதும் போகும். நம் சட்டத்தில் பெரும்பாலும் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. வாகனக் காப்பீட்டில் மட்டும், பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் 'நான்-ஸ்டாண்டர்டு' க்ளெய்ம் என்று சொல்லி 75 சதவீதம் வரை தரும் வழக்கம் இருக்கிறது. சொந்தக் காரை வாடகைக்கு விட்ட ஒருவரின் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சர்க்கரையை எழுத மறந்தவர் கால் முறிந்து படுத்திருக்கும்போது இப்படி ஒரு நடுவழி இருந்தால் எத்தனை வழக்குகள் மிச்சமாகும்!

கையில் மறுப்புக் கடிதம் இருந்தால்

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் அனுமதி கிடையாது. 50 லட்ச ரூபாய் வரையிலான பிரச்சினைகளை எடுத்துக்கொள்வார். கம்பெனியின் கடைசி மறுப்பிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே வர முடியாது. எனவே முதலில் இங்கே வந்துவிட்டு அங்கே போவது நல்லது. பணம் தாமதமாக வந்தால், வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் க்ளெய்ம் எதுவும் வராதவர்கள் பீரோவில் இருக்கும் பாலிசிக் கட்டை வெளியே எடுங்கள். அதோடு உங்கள் முன்மொழிவுப் படிவத்தின் நகல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளைக்கு எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் 'மத்தத நான் ஃபில்லப் பண்ணிக்கிறேன்' என்று சொன்ன பக்கங்கள் அவைதான். பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில கழிவுகள் போகப் பணம் திரும்பும். 30 நாள் தாண்டியிருந்தாலும், சர்க்கரை உண்டா என்ற கேள்விக்கு எதிரே உங்கள் பெயரில் 'இல்லை' என்று டிக் இருந்து, வீட்டில் மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை அட்டை இருந்தால், இன்றைக்கே கம்பெனிக்கு மெயில் போடுங்கள். பிரீமியம் ஏறலாம், காத்திருப்புக் காலம் போடலாம், சில சமயம் பாலிசியை ரத்துகூடச் செய்யலாம். அந்தச் சண்டையை நீங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிடலாம்.